வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டு ஏழைக்கு நம் வரிப்பணமா?

கேள்வி: இங்கேயே பிழைப்பில்லாமல் ஜனங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். அரசு வேறு நாட்டு ஏழைகளுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ஒகேனக்கல் குடிநீரிலிருந்தே தொடங்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். அளவு இன்னும் கூடினால், வருடக்கணக்கில் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. அதனால்தான் 1,928.80 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டுக் காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள். 2013 மே மாதம் அது தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குக் கடன் கொடுத்தது ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம். இலவசமல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தான். ஆனால் குறைந்த வட்டி, நீண்ட தவணை. அந்த நாட்டு அரசு ஒதுக்கியதால் நம் பிள்ளைகளின் பல்லும் எலும்பும் தப்பின.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்கு எழுபது பைசா, ஏழை நாடுகளுக்கு உதவியாகத் தர வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நார்வே, ஸ்வீடன் போன்ற சில நாடுகளே அதை எட்டின. பிரிட்டன் 2021இல் 0.5ஆகக் குறைத்தது. இருபது பைசா அளவில் கொடுத்துவந்த அமெரிக்கா, 2025 ஜூலையில் தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டையே மூடிவிட்டது. அதனால் ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டங்கள் பல தடுமாறின. அந்த மாத்திரை நாள் தவறாமல் விழுங்க வேண்டியது. இடையில் நின்றால் கிருமி மறுபடி பெருகும்.

இந்தியாவுக்கு அந்த எழுபது பைசாக் கணக்கு பொருந்தாது. நாம் கொடுப்பதில் மற்ற எந்த நாட்டையும்விட அதிகமாகப் பூடானுக்குப் போகிறது. 2024–25 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடே மத்திய அரசின் செலவில் அரை சதவீதத்துக்கும் கீழ். உதவி அதில் ஒரு பகுதிதான். அந்த உதவியை நிறுத்துவதால் பென்னாகரத்தில் வேலை பெருகிவிடாது.

கேள்வி: இந்த உதவியைக் கூட்டச் சொல்லி யாருக்கு, எப்படி எழுதுவது?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு இதற்கு உதவாது, வெளியுறவு மத்திய அரசின் பொறுப்பு. உங்கள் ஊர் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் வருகிறது. அந்த எம்.பி.க்கு எழுதுங்கள், தமிழிலேயே.

பலர் பிப்ரவரி 1 பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு எழுத உட்காருகிறார்கள். அதற்குள் தொகை முடிவாகியிருக்கும். அமைச்சகங்கள் கணக்குப் போடும் அக்டோபரிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம், ஒரே கோரிக்கை போதும். 'ஏழை நாடுகளுக்கு உதவுங்கள்' என்று பொதுவாக எழுதினால் எம்.பி.க்குச் செய்ய எதுவும் இல்லை. 'ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று மக்களவையில் கேளுங்கள்' என எழுதுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குமுன் அனுப்புங்கள்.

பட்ஜெட் புத்தகத்தில் பட்ஜெட் மதிப்பீட்டை, அதாவது வருடத் தொடக்கத்தில் ஒதுக்கும் தொகையை, மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். வருட நடுவில் சத்தமில்லாமல் விழும் வெட்டு, அடுத்த பட்ஜெட்டில் வரும் திருத்திய மதிப்பீட்டில்தான் தெரியும்.

ஒரே ஜெராக்ஸில் ஐம்பது பேர் கையெழுத்திடுவதைவிட, அவரவர் எழுத்தில் ஐந்து கடிதம் மேல். தொகுதிக்காரர் என்று தெரிய, பின்கோடுடன் முழு முகவரி போடுங்கள்.