விடியலில் கூவிய சேவல் ஏன் வரவில்லை?

வணக்கம். பென்சில்வேனியாவில் இது உங்கள் முதல் வசந்தகால வான்கோழி வேட்டை என்றும், பெட்டையின் குரலில் நீங்கள் விடுத்த அழைப்புக்கு விடியலில் மரத்திலிருந்து பதில் கூவிய சேவல் தரையிறங்கியதும் மௌனமாகிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அது அருகில் அடைந்திருந்த பெட்டைகளோடு போயிருக்கும். இயல்பில் பெட்டைதான் சேவலைத் தேடிச் செல்லும் என்பதால், மேலும் உரக்க அழைப்பதில் பயனில்லை. காலை 9 மணிக்குப் பின், பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்கு விலகும்போது தனித்துவிடப்படும் சேவல் அழைப்புக்கு எளிதில் இணங்கும்; ஆகையால் 7 மணிக்கே வீடு திரும்பாமல் (புதியவர்கள் பலரும் செய்யும் தவறுதான்), பருவத்தின் முதற்பகுதியில் வேட்டை நேரம் முடியும் நண்பகல் வரை, தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, இடைவெளி விட்டு மென்மையாக அழையுங்கள். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் தெரியும் என்பதால், பிற வேட்டைக்காரர்கள் உங்களைச் சேவல் என்று தவறாக எண்ணிவிடாதபடி, அந்நிறங்களில் கைக்குட்டைகூட வேண்டாம். 40 கஜத்துக்கு அப்பால் சுடவும் வேண்டாம்.