ஜெனரேட்டரை அம்மா போட்டுவிடுவார்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில், கல்யாண ஃபோட்டோ ஸ்டூடியோக்களின் படங்களையும் வீடியோக்களையும் ஆன்லைனில் சேமித்துத் தரும் சிறு நிறுவனத்தை இரண்டு ஆண்டுகளாக நடத்துகிறேன். 62 ஸ்டூடியோக்கள் மாதம் தலா 2,000 ரூபாய் தருகின்றன. வருமானம் 1,24,000 ரூபாய். மொத்தம் 80 டெராபைட்டுக்கு (ஒரு டெராபைட் ஆயிரம் ஜிபி) கிளவுட் வாடகை, அதாவது பெரிய நிறுவனங்களின் கணினிகளில் இடம் பிடிக்கும் செலவு மட்டும், 1,70,000 ரூபாய் ஆகிறது. ஆல்பம் கைக்கு வந்தபின் இந்தக் கோப்புகளைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை என்றாலும் வாடகை குறைவதில்லை. கோப்புகளை நானே வைத்துக்கொள்ள இரண்டு சர்வர்களுக்கு டீலர் 13 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அது இந்த மாதம் 30-ஆம் தேதி வரை செல்லும். கடன் வாங்கினால் இஎம்ஐ 35,000. மின்சாரம், இணைய இணைப்பு சேர்த்து 56,000-க்குள் முடிந்துவிடும். மாடியில் அப்பா இருந்த அறை ஏசியோடு காலியாக இருக்கிறது. அம்மா எப்போதும் வீட்டில்தான் இருப்பார், கரண்ட் போனால் ஜெனரேட்டரை அவரே போட்டுவிடுவார். அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சையால் ஆறு மாதம் தள்ளிப்போன முடிவு இது. ஆன்லைன் சேமிப்பில் பெரிய டிராப்பாக்ஸ் நிறுவனமே சொந்த சர்வருக்கு மாறிவிட்டதே, நான் மட்டும் ஏன் வாடகை கட்ட வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈரோடு)

பதில்: தம்பி, வாடகையா சொந்தமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களில் கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். சம்பளமில்லாத ஆள் ஒருவர் அதில் எந்த வரியில் ஒளிந்திருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். உங்கள் கடிதத்தில் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. "கரண்ட் போனால் ஜெனரேட்டரை அவரே போட்டுவிடுவார்" என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிய கை எங்கேயும் தயங்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போகிறது என்று வையுங்கள். மாடியில் யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தத் தொடங்குகிறது. நீங்கள் வாங்கப்போகும் அளவுக்கு அது பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். அதற்குள் அம்மா எழுந்து, டார்ச்சைத் தேடி, மாற்றிய மூட்டோடு படியிறங்கி, ஜெனரேட்டரைப் போட்டு, பிறகு மாடியேறி ஏசி ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதுபோக, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 5 மணிக்குத் தரும் நாள் ஒன்று இருக்கிறதே, அன்றைக்கு முழுக்க டீசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவர் வேலைதான். உறவில் ஒரு சாவு விழுந்தாலும், சீமந்தத்துக்கு அழைப்பு வந்தாலும் அவர் இரவு தங்க முடியாது. கணவர் இருந்த அறையில் காற்றாடிகள் இரைவதைக் கேட்டுக்கொண்டே அவர் தூங்க வேண்டும் என்பதையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அம்மா ஒப்புக்கொண்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பார். பிள்ளையின் தொழிலுக்கு முடியாது என்று சொல்லிப் பழகாத தலைமுறை அது. அதனாலேயே அவர்களிடம் கேட்பதற்கு முன்னால் நாம்தான் கூச வேண்டும். பெற்றவளை உட்கார வைத்துச் சோறு போடுவது மகனின் கடமை என்று நம்புகிற பழைய ஆள் நான். அவரை உங்கள் நிறுவனத்தின் இரவுப்பணி ஊழியராக்கி, அந்தச் சம்பளத்தை லாபம் என்று எழுதுவதை என்னால் திறமை என்று சொல்ல முடியாது.

இப்போது அந்தச் சம்பளத்தைக் கணக்கில் எழுதுவோம். இரவும் பகலும் மாறி மாறிப் பார்க்க இரண்டு பேர், தலைக்கு 15,000 என்றால் 30,000 ரூபாய். வட்டுகள் (ஹார்ட் டிஸ்க்) நிறைந்த இரண்டு சர்வர்களும் சேர்ந்து 700 வாட் இழுத்தால் மாதம் 500 யூனிட், ஏசி தனி. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது தெரிந்தால் மின்வாரியம் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடும். 16 டெராபைட் வட்டு ஒன்று செத்துப்போனால், புதியதில் தரவை மீண்டும் நிரப்ப நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் ஓடினாலும் 22 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் எத்தனை முறை மின்சாரம் போகும் என்று ஈரோட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது சர்வரும் அதே அறையில் என்றால் அதை நகல் என்றே சொல்லக்கூடாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் (சர்வர்களுக்கென்றே உள்ள கட்டடம்) ஒன்று எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். கல்யாண வீடியோவைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே இன்னொரு ஊரில் ஒரு நகலுக்கும் பணம் ஒதுக்குங்கள். உங்கள் 56,000 ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும்.

டிராப்பாக்ஸைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். 2007-இல் தொடங்கிய அந்த நிறுவனம், கோப்புகளின் உள்ளடக்கத்தைப் பல ஆண்டுகள் அமேசானின் வாடகைக் கிடங்கில்தான் வைத்திருந்தது. 2016-இல் மாற்றத்தை அறிவித்தபோது அதனிடம் 500 பெட்டாபைட்டுக்கு, அதாவது ஐந்து லட்சம் டெராபைட்டுக்கு, மேல் தரவு இருந்தது. உங்களிடம் இருப்பதைப்போல ஆறாயிரம் மடங்குக்கும் அதிகம். இரண்டு ஆண்டுகளில் செலவு ஏறக்குறைய 7.5 கோடி டாலர் குறைந்தது என்பதும் உண்மைதான், ஆனால் அதற்கென்றே மென்பொருளும் வன்பொருளும் வடிவமைக்கப் பொறியாளர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் சேமிப்பு நிறுவனம். மாதம் 5 டாலருக்கு அளவில்லாத சேமிப்பு என்று விற்றவர்கள் வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால், 45 வட்டுகள் கொண்ட பெட்டியைத் தாங்களே வடிவமைத்தார்கள். 2009-இல் 67 டெராபைட் பெட்டி ஒன்றுக்கு ஆன செலவு 7,867 டாலர் என்று வெளியிட்டார்கள். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தால் வட்டு விலை எகிறியபோது ஊழியர்களின் குடும்பத்தாரும் நண்பர்களும் கடை கடையாகப் போய், ஆளுக்கு இரண்டு என்ற வரம்புக்குள் வட்டுகள் வாங்கி வந்தார்கள். குடும்பத்தின் உதவி என்றால் அது. பெட்டிகள் ஓடியது யாருடைய மாடியிலும் இல்லை, டேட்டா சென்டரில்.

உங்கள் உண்மையான நோய் வேறிடத்தில் இருக்கிறது. டெராபைட்டுக்கு 2,125 ரூபாய் கொடுத்து வாங்கி, 1,550 ரூபாய்க்கு விற்கிறீர்கள். ஒவ்வொரு முகூர்த்த மாதமும் கோப்பு பெருகுகிறது, கட்டணம் அதே 2,000-இல் நிற்கிறது. சர்வர் யாருடையதாக இருந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

வாடகை என்பதும் ஒரே விலை இல்லை. அமேசானின் அமெரிக்கக் கிடங்கில் சாதாரண வகைக்கு ஒரு ஜிபிக்கு மாதம் 2.3 சென்ட் என்றால், அபூர்வமாகத் திறக்கும் கோப்புகளுக்கான ஆழ்காப்பக வகைக்குச் சுமார் 0.1 சென்ட்தான், மும்பை விலை வேறு என்றாலும் அங்கும் வித்தியாசம் பல மடங்கு. அதில் கோப்பைத் திரும்ப எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகலாம், எடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, 180 நாளுக்கு முன் அழித்தாலும் அதுவரைக்குமான பணம் போகும். ஆல்பம் முடிந்த கல்யாணத்துக்கு இந்த நிபந்தனைகளால் என்ன குறை? யாரும் திறப்பதில்லை என்று நீங்களே எழுதிய கோப்புகளைத் தினமும் திறப்பவற்றின் விலையில் வைத்திருந்தது சோம்பல், தம்பி.

ஆகவே முதலில் ஆறு மாதத்துக்கு மேற்பட்டவற்றைப் பிரித்து மலிவான வகைக்கு அனுப்புங்கள். ஸ்டூடியோக்காரர்களிடம் அதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். புதிய கோப்புகளுக்கு டெராபைட் கணக்கில் கட்டணம் வையுங்கள். பத்துப் பேர் கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும். மூன்று மாதம் கழித்தும் தினசரிக் கோப்புகளின் வாடகை கடித்தால், அப்போது ஒரே ஒரு சர்வரை வாங்கி, சென்னை அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ ஒரு டேட்டா சென்டரின் ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் அலமாரியில்) இடம் எடுத்து வையுங்கள். மின்சாரமும் குளிரும் காவலும் அவர்கள் பொறுப்பு. அப்போது நானே வாங்கச் சொல்வேன்.

டீலரின் கொட்டேஷன் 30-ஆம் தேதியோடு முடியட்டும், அவர் இன்னொன்று தருவார். மாடி அறையை என்ன செய்வது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அதை அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும்போது சர்வர் பேச்சை எடுக்காதீர்கள்.