பசு மாட்டு வைரஸால் மார்பகப் புற்றுநோய் வருமா?

கேள்வி: ஆறு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறோம். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. மாட்டுப் பாலில் உள்ள வைரஸால்தான் இது வருகிறது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, மனைவி தொழுவத்துப் பக்கமே போவதில்லை. மாடுகளை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். பால் கறந்ததாலோ குடித்ததாலோ உங்கள் மனைவிக்கு இந்த நோய் வந்தது என்று சொல்ல இன்று எந்த மருத்துவரிடமும் ஆதாரம் இல்லை. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

உறவினர் சொன்னதும் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. மாடுகளின் வெள்ளை அணுக்களைத் தாக்கும் போவைன் லுகேமியா வைரஸ் என்று ஒன்று உண்டு. தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை கடைசிவரை நன்றாகவே கறக்கும்; நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றில்தான் கட்டி வரும். 2015இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் திசுக்களில் 59 சதவீதத்திலும், நோய் வராதவர்களின் திசுக்களில் 29 சதவீதத்திலும் இந்த வைரஸின் மரபணுவைக் கண்டதாக எழுதினார்கள். உறவினர் காதுக்கு வந்தது பெரும்பாலும் இந்தச் செய்தியாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டே பெல்ஜியத்தில் 51 மார்பகப் புற்றுக் கட்டிகளின் முழு மரபணுத் தொகுப்பையும் அலசினார்கள்; ஒன்றில்கூட அந்த வைரஸ் இல்லை.

வைரஸ் திசுவில் இருந்தாலும், இருப்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகாது. வாடிய கத்தரிச் செடியில் எறும்பு ஊர்ந்தால் எறும்பையா குற்றம் சொல்கிறோம்? இலையைத் திருப்பி அசுவினி இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனாலும் ஆய்வு தொடர்வது நியாயம்தான். எலிகளில் தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குப் போய் மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒன்று இருப்பதை 1936இலேயே அமெரிக்க ஆய்வாளர் ஜான் பிட்னர் காட்டினார். பின்னால் அது வைரஸ் என்று தெரிந்தது. மனிதரில் அப்படி இன்னும் நிரூபணமாகவில்லை.

பாலைப் பொங்கக் காய்ச்சிவிட்டால் இந்த மாட்டு வைரஸ் செத்துவிடும். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோயும் காசநோயும் பச்சைப்பாலில் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. கீமோ ஓடும் உடம்புக்கு அது இன்னும் ஆபத்து.

இனி மாடுகளுக்கு வருகிறேன். இந்த வைரஸ் முக்கியமாக ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. ஒரே ஊசியை ஆறு மாட்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுவதைப் பல பண்ணைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். மாட்டுக்கு ஒரு ஊசி என்று கேட்டு வாங்குங்கள். சினை பார்க்கும் கையுறையை மாட்டுக்கு மாடு மாற்றச் சொல்லுங்கள். கொம்பு நீக்கும் கருவியை ரத்தம் போகக் கழுவிக் கிருமி நீக்கிய பிறகே அடுத்த கன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். கடிக்கும் ஈக்களும் கடத்தும் என்பதால் சாணக்குழி தொழுவத்தை ஒட்டி இருக்கக் கூடாது. தடுப்பூசி, மருந்து இரண்டும் இல்லாததால் இதை எல்லாம் செய்துதான் ஆக வேண்டும். ஏதாவது மாடு காரணமில்லாமல் மெலிந்தாலோ, தோள்பட்டைக்கு முன்னாலும் தொடைக்கு முன்னாலும் நெறி கட்டினாலோ, கண் பிதுங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கீமோ முடியும்வரை கறவையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வைரஸுக்குப் பயந்து அல்ல. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரத்தில் சாணமும் தூசியும் அவருக்கு வேண்டாம். எப்போது திரும்பத் தொழுவத்துக்குப் போகலாம் என்று அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அவருடைய அக்கா, தங்கை, மகள் இருந்தால் அவர்களுக்கு எந்த வயதில் மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.