ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவசர உதவி கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் பிள்ளை பாட்டியுடன் தனித்திருப்பது வழக்கம் என்பதால், பாட்டி மயங்கி விழுந்தால் பிள்ளை என்ன செய்யும் என்ற உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது.

மலேசியாவில் காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அனைத்துக்கும் 999 ஒரே எண்தான். கைப்பேசியில் 112-ஐ அழுத்தினாலும் அழைப்பு அங்கேயே செல்லும். எண்ணை மனப்பாடம் செய்விப்பது எளிது. பூட்டிய கைப்பேசியில் அவசர அழைப்புப் பொத்தான் எங்கே உள்ளது என்று காட்டுவதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம் (பழக்கும்போது உண்மையில் அழைத்துவிடாதீர்கள்).

அதைவிடக் கடினமானது முகவரி. லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தெருப்பெயர் இல்லையெனில், தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் அருகிலுள்ள கோயிலையோ தமிழ்ப்பள்ளியையோ சொல்லப் பழக்குங்கள். மறுமுனையில் பேசுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், 'நெனெக் பெங்சான்' (பாட்டி மயங்கிவிட்டார்) என்பதுபோன்ற இரண்டு மூன்று மலாய்த் தொடர்களையும் விளையாட்டாகவே சொல்லவையுங்கள். அழைத்தபின் மறுமுனையில் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

அவசரநிலை வராமல் தடுப்பதும் முக்கியம்: களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிவைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், பிள்ளை அதைப் பானமென்று குடித்துவிடக்கூடும்; அங்கே திருத்தப்பட வேண்டியவர்கள் பெரியவர்களே.