சின்ன வயதிலேயே கோல்ஃப் சாம்பியன் ஆனவர்களின் ஆரம்ப வாழ்க்கை எப்படி இருந்தது? என் மகனுக்கு எட்டு வயது, இப்போதே போட்டிகளுக்கு அனுப்பலாமா?

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்து சொல்லக்கூடியது கோல்ஃப் வீராங்கனை லிடியா கோவின் கதை. திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன், என் மகள் ஆடியது ஷட்டில். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் இந்தப் பெண்ணைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். நம்ம நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் பதக்கம் வாங்கிவிடுவார் என்று விடியுமுன்னே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். மகளுக்கு அப்போது பத்து வயது. பந்து குழியில் விழ வேண்டும், அதுவும் குறைந்த அடியில் விழ வேண்டும் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முடிவில் அதிதிக்கு நான்காம் இடம். ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில், அதாவது ஒரே ஒரு அடியில், வெண்கலம் போனது. அதை வாங்கியவர் நியூசிலாந்தின் லிடியா கோ. "எப்பா, அவள எனக்குப் புடிக்கல" என்று மகள் எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. யார் இந்தப் பெண் என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

லிடியா 1997 ஏப்ரலில் தென்கொரியாவின் சியோலில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் நியூசிலாந்துக்குப் போய்விட்டது. ஐந்து வயதில் ஆக்லாந்தின் புபுகே கோல்ஃப் கிளப்பில் கய் வில்சன் என்ற கோச்சிடம் சேர்த்தார்கள். பதினாறு வயது வரை அவர்தான் கோச். இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரு போட்டியில் தோற்றால் அடுத்த மாதமே கோச்சை மாற்றுகிற பெற்றோரை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

2012 ஜனவரியில், பதினான்கு வயதில், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ஓப்பனை ஜெயித்தார். அதே வருஷம் ஆகஸ்டில் கனடியன் விமன்ஸ் ஓப்பன். பெரிய பெரிய வீராங்கனைகள் ஆடுகிற, எல்.பி.ஜி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறை கோல்ஃப் தொடரின் போட்டி அது. மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தபோது வயது 15 வருஷம் 4 மாதம். அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் எல்.பி.ஜி.ஏ. போட்டியை வென்றதில்லை. ஆனால் அமெச்சூராக, அதாவது தொழிலாக இல்லாமல் ஆடுகிறவர், அப்போது பரிசுப் பணத்தைத் தொடக் கூடாது. முதல் பரிசு 3 லட்சம் டாலர், இரண்டாவதாக வந்த இன்பீ பார்க்குக்குப் போனது. அடுத்த வருஷம் நியூசிலாந்து ஓப்பன், மறுபடியும் அதே கனடியன் ஓப்பன் என்று இன்னும் இரண்டை ஜெயித்தார். அந்தப் பணமும் கைக்கு வரவில்லை. 2013 அக்டோபரில்தான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 2015 பிப்ரவரியில், பதினேழு வயதில், உலக நம்பர் 1. டைகர் வுட்ஸே அந்த இடத்துக்கு வரும்போது வயது 21. அதே வருஷம் செப்டம்பரில் ஃபிரான்ஸில் எவியன் பட்டம், மேஜர் என்று சொல்லப்படுகிற மிகப் பெரிய போட்டிகளில் அவருக்கு முதலாவது.

இதுவரை எங்கேயும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

2016 முடியும்போது கோச், மட்டைப் பையைத் தூக்கி வருகிற கேடி, மட்டை எல்லாவற்றையும் மாற்றினார். 2018 ஏப்ரலில் ஒரு வெற்றி, அதற்கடுத்த எல்.பி.ஜி.ஏ. வெற்றிக்கு 2021 ஏப்ரல் வரை மூன்று வருஷம் ஆனது. பதினேழு வயதில் உலகத்திலேயே முதல் ஆளாக நின்ற பிள்ளைக்கு அந்த மூன்று வருஷம் எப்படி இருந்திருக்கும்!

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் ஐந்தரைக்கெல்லாம் வண்டியை எடுத்து, ஈரடுக்குப் பாலம் ஏறி, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றைத் தாண்டி பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போவேன். அவளுக்குக் கண்ணாடி உண்டு. வியர்வையில் வழுக்காமல் இருக்க, பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக்கை வெட்டி அவள் அம்மா பின்னால் கட்டிவிடுவாள். பதினொரு வயதில் மாவட்ட அளவில் ஜெயித்தாள். அதோடு எனக்குக் கோட்டி பிடித்தது. மாசத்துக்கு ரெண்டு போட்டி, பரிசுத் தொகை உள்ளதாகப் பார்த்து.

பதிமூன்று வயதில் மதுரையில் முதல் சுற்றிலேயே தோற்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் விருதுநகர் தாண்டியதும் திட்ட ஆரம்பித்தேன், கயத்தாறு வரும் வரை நிறுத்தவில்லை. அவள் பேசவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த எலாஸ்டிக்கை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கங்கைகொண்டான் பக்கம் வரும்போது, "எப்பா, இனிமே நான் வரல" என்றாள். தப்பு முழுக்க என்னுடையது.

அந்த வருஷம்தான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை ராத்திரி. லிடியா கோவுக்குத் தங்கம். 2016 ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், இப்போது தங்கம். ஒலிம்பிக் கோல்ஃபில் மூன்று பதக்கமும் வைத்திருக்கிறவர் அவர் ஒருவர்தான். அந்தத் தங்கத்தோடு எல்.பி.ஜி.ஏ.வின் சாதனையாளர் வரிசையான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது, வயது 27. இரண்டே வாரத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் விமன்ஸ் பிரிட்டிஷ் ஓப்பனையும் ஜெயித்தார்.

அன்றைக்கு ராத்திரி போனில் லிடியாவின் 2012 படத்தைக் காட்டினேன்.

"எப்பா, இவளும் கண்ணாடியா!"

"ஆமாட்டி. இந்தப் போட்டியில ஜெயிச்சும் துட்டு கெடைக்கல, தெரியுமா?"

"ஏன்?"

"படிக்கிற பிள்ளை, அமெச்சூர். வாங்கக் கூடாது."

"அப்போ எதுக்கு ஆடுனா?"

எனக்கு வாயே வரவில்லை. அவளேதான், "ஆசையா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

சீக்கிரம் பணத்துக்குப் போனவர்கள் எல்லாம் வீணாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க வீராங்கனை மிஷெல் வீ பதினாறு முடியும் முன்பே பெரிய ஒப்பந்தங்களோடு தொழில்முறைக்குப் போனார். மணிக்கட்டுக் காயத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டார், நடுவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து முடித்தார், 2014இல் யு.எஸ். விமன்ஸ் ஓப்பனையும் ஜெயித்தார்.

உங்கள் மகனைத் தாராளமாக அனுப்புங்கள். எட்டு வயதில் போட்டி ஆடுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. கோச் பிள்ளையைத் திட்டாதவராக இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். தோற்ற அன்றைக்கு வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். சாத்தூரில் இறங்கி சேவு வாங்கிக் கொடுங்கள்.

மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளோடு ஷட்டில் ஆடப் போகிறாள். எலாஸ்டிக்கை அவளே கட்டிக்கொள்கிறாள். எத்தனை பாயின்ட் என்று நான் கேட்பதில்லை.