மீடியாவிக்கியில் ஊழியர்கள் எழுத மறுப்பது பற்றி

பலர் சேர்ந்து பக்கங்களை எழுதும் விக்கித் தளங்களை இயக்கும் மென்பொருள்தான் மீடியாவிக்கி. அதில் ‘தொகு’ பொத்தானை அழுத்தியதும் அடைப்புக்குறிகளும் வார்ப்புருக்களும் (பல பக்கங்களில் செருகும் ஆயத்தத் துண்டுகள்) கண்ணில் பட, உங்கள் ஆட்கள் பக்கத்தை மூடிவிடுகிறார்கள் என்கிறீர்கள். அதற்காகத் தோலை, அதாவது தளத்தின் வெளித்தோற்றத்தை, மாற்ற வேண்டாம். நிறமும் எழுத்துருவும் அவர்களுக்குத் தடையே இல்லை.

முதலில் விஷுவல் எடிட்டரை, அதாவது குறியீடுகள் தெரியாமல் பக்கத்தை அப்படியே பார்த்துத் தொகுக்கும் வசதியை, இயக்குங்கள். 1.35 பதிப்பிலிருந்து அது மீடியாவிக்கியோடு சேர்ந்தே வருகிறது. அதையே இயல்பான தொகுப்பானாக வையுங்கள்.

அப்புறம் ஒரு புதிய பக்கத்தை எப்படித் தொடங்குகிறார்கள் என்று அருகில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். தேடல் பெட்டியில் இல்லாத தலைப்பைத் தட்டச்சிட்டு, சிவப்பு இணைப்பைச் சொடுக்க வேண்டும் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? இன்புட்பாக்ஸ் என்ற நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) போட்டு, முதற்பக்கத்திலேயே ‘புதிய குறிப்பு எழுது’ என்ற பொத்தானை வையுங்கள். அதில் ப்ரீலோட் என்ற அமைப்பு உண்டு. பக்கம் திறக்கும்போதே ‘நோக்கம்’, ‘செய்முறை’, ‘யாரைக் கேட்பது’ என்ற தலைப்புகள் தயாராக இருக்கும். வெற்றுத்தாளைக் கண்டால் வரும் தயக்கம் உண்மையானது, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கப்பட்டையை மீடியாவிக்கி:சைட்பார் பக்கத்தில் சுருக்கலாம். அதிலுள்ள கருவிப்பெட்டியை, தளத்தின் தோற்றத்துக்கான விதிகள் இருக்கும் காமன்.சிஎஸ்எஸ் பக்கத்தில் மறைத்து, நிர்வாகிகளுக்கு மட்டும் குரூப்-சிஸாப்.சிஎஸ்எஸ் வழியாகத் திரும்பக் காட்டலாம். ஆனால் இது கண்ணுக்கு மறைப்பது மட்டுமே, உரிமையைத் தடுப்பதில்லை.

பக்கத்தின் பழைய பதிப்புகளைக் காட்டும் ‘வரலாறு’ தாவலை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள். எதை அழித்தாலும் மீட்கலாம் என்று ஒருமுறை செய்து காட்டுங்கள், பாதி பயம் போய்விடும்.