இறால் ஒவ்வாதவருக்குச் சில்வண்டு: நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். என் மனைவிக்கு இறால் ஒவ்வாது. போன மாதம் ஓர் உணவகத்தில் வறுத்த சில்வண்டு தூவிய சோறு கேட்டோம். ஒவ்வாமையைச் சொல்லித்தான் கேட்டோம். "இதில் இறால் இல்லை, பண்ணைப் பூச்சிதான், பயப்படாதீங்க" என்றார் பரிமாறியவர். நாலு வாய் சாப்பிட்டதும் உதடு வீங்கி, மூச்சு முட்டி, அன்றிரவு மருத்துவமனையில் சேர்த்தோம். 'சொந்தப் பொறுப்பில் உண்ணவும்' என்று மெனுவிலேயே இருக்கிறதாம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் சாப்பாட்டுக் காசைத் திருப்பித் தருகிறார்களாம். போடலாமா?

பதில்: வேண்டாம். 'இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்ற வரி அந்தத் தாளில் எங்காவது இருக்கும்.

சில்வண்டு விற்றது குற்றமில்லை. 2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தது, அதில் சில்வண்டும் உண்டு. காட்டில் பிடித்தவை கூடாது. சாணம், அழுகல் போட்டு வளர்த்தவையும் கூடாது. ஆனால் எத்தனை சுத்தமான பண்ணையில் வளர்ந்தாலும் பூச்சியின் தசையில் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் இருக்கும். இறால், நண்டில் இருப்பதும் ஏறக்குறைய அதே புரதம்தான். வறுத்தாலும் அது அடங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பூச்சி உணவுப் பொட்டலத்தின் மேல் 'இறால், நண்டு ஒவ்வாதவருக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்' என்ற எச்சரிக்கையை அச்சிட்டே ஆக வேண்டும். பூச்சி விற்கிறவர் 'எங்களுக்குத் தெரியாது' என்றால் எடுபடாது.

ஒரு சிக்கல். சிங்கப்பூரின் பூச்சி லேபிள் விதி பொட்டலத்துக்குத்தான், தட்டில் வரும் சோற்றுக்கு இல்லை. அதனால் நமக்குப் பிடிமானம் நீங்கள் உணவகத்தில் கேட்ட கேள்வியும் பரிமாறியவர் சொன்ன பதிலும்தான். ஒவ்வாமையைச் சொன்ன பிறகும் விசாரிக்காமல் தைரியம் சொன்னது கவனக்குறைவு. மேசையில் கூட இருந்தவர்கள் யார், முன்பதிவுக் குறிப்பில் ஒவ்வாமை பற்றி எழுதினீர்களா என்று பாருங்கள். பில், மெனுவின் படம், மருத்துவ அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மெனு வாசகத்தைக் கண்டு மிரளாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் 1977, பிரிவு 2(1)-இன்படி, கவனக்குறைவால் ஒருவருக்கு ஏற்பட்ட உடல் பாதிப்புக்கு அப்படி எழுதிவைத்துக் கைகழுவ முடியாது. 'பூச்சி என்று தெரிந்தே சாப்பிட்டார்' என்று வாதாடுவார்கள். அதில் தொகை கொஞ்சம் குறையலாம்.

ஒவ்வாமை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 'சில்வண்டு காரணமில்லை, சமையலறையில் இறால் பட்டிருக்கும்' என்று அவர்கள் சொன்னால் நமக்கு இன்னும் வசதி. 'இறால் இல்லை' என்ற பதில் பொய்யாகிவிடுமே!

சிறு கோரிக்கை மன்றம் சாப்பாட்டுக் காசுக்குச் சரி. மருத்துவச் செலவு, வேதனைக்கான நஷ்டஈடு எல்லாம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான், 60,000 வெள்ளி வரை. பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. உணவு அமைப்பிடம் புகாரை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் நஷ்டஈடு வாங்கித் தரமாட்டார்கள், ஆனால் சோதனை நடந்தால் அது நமக்கு உதவும்.

அப்புறம், பில் கட்டியது நீங்களானாலும் வக்கீல் நோட்டீஸ் உங்கள் மனைவி பெயரில்தான் போக வேண்டும்.